பேரன் வயிறும் பந்தல்காரர் ராமராஜனும்

"கை" என்றார் ராமராஜன்.

கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த தம்பதி வாசலில் நின்றார்கள். கணவரின் இரண்டு கையிலும் வெற்றிலை, பாக்கு, பழத்தோடு தாம்பாளம் இருந்தது. ராமராஜன் தாம்பாளத்தை வாங்கி, நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளின் சீட்டில் வைத்தார்.

"தட்டு எங்கயும் ஓடாது. கைய கய்விகினு உள்ள வாங்க. சோப்பு அந்தக் கயித்துல தொங்குது பாரு."

சோப்பு வலைப்பையில் தொங்கியது. பக்கத்தில் நாலு குழாய் வைத்த நீல டிரம். கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து வெளியே வந்தால் நிற்குமே, அதே சரக்கு. செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெரு வழியாகப் போகிற புது ஆள் எவரும், "உள்ள இன்னா விசேஷம்?" என்று கேட்காமல் போவதில்லை. ஒரு தடவை யாரோ இரண்டு பேர் நிஜமாகவே பந்தி நடக்கிறது என்று நம்பி, கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தே விட்டார்கள். ராமராஜன் அவர்களுக்கு இட்லி போட்டுத்தான் அனுப்பினார். கை கழுவியவனைப் பட்டினியாகத் திருப்பி அனுப்பினால் பந்தல்காரனுக்கு என்ன மரியாதை.

விசேஷம் உள்ளே இருக்கத்தான் செய்கிறது. பெயர் விஷால். ராமராஜனின் மகள் சுகாசினி பெற்ற பிள்ளை. இரண்டு வயது இன்னும் நிறையவில்லை. நடப்பதற்குப் பதில் ஓடுகிறான். பேசுவதற்குப் பதில் உத்தரவு போடுகிறான். எல்லாம் சரியாக இருக்கிறது, வயிறு ஒன்றைத் தவிர. பத்து நாள் நன்றாகத் தின்று, கன்னம் கொஞ்சம் உப்பியது போல் தெரிந்தால் போதும், பதினோராம் நாள் பிய்த்துக்கொண்டு போகும். வாந்தி, பேதி, உதடு காய்ந்து, கண் உள்ளே போய், உப்புக் கரைசலும் கையுமாக வீடே உட்கார்ந்திருக்கும். தேறி எழுந்து ஓட ஆரம்பிப்பான். மறுபடியும் அதே கதை.

காஞ்சிபுரத்தில் பந்தல் போடுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். பந்தலை நிமிர்ந்து பார்த்ததுமே "இது ராமராஜன் கட்டு" என்று சொல்ல வைக்கிறவர் ஒருவர்தான். பள்ளிக்கூடம் அவருக்கும் ஒத்துவரவில்லை, அவர் பள்ளிக்கூடத்துக்கும் ஒத்துவரவில்லை. மூங்கில் சுமந்தார். அடுத்தவன் பந்தலுக்குக் கயிறு கட்டினார். இன்று சாமியானா, நாற்காலி, பாத்திரம், சீரியல் விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் அவர் பேரில். கையெழுத்துப் போடும்போது மட்டும் நாக்கு கொஞ்சம் வெளியே வரும். மற்றபடி எந்தப் படிப்பாளியிடமும் அவர் குரல் இறங்கியதில்லை. "நான் கட்டின பந்தல்ல மழ பேஞ்சா மழைக்குத்தான் அவமானம்" என்பார். பொய்யும் இல்லை.

அப்படிப்பட்டவருக்குச் சவாலாக வந்து வாய்த்தது இத்தனூண்டு வயிறு.

போன மாசம் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வந்த அன்று சுகாசினி சொல்லிவிட்டாள். அவள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். புருஷன் தினகரனுக்கு ஓசூரில் வேலை. பிள்ளையைத் தாத்தாவும், வீட்டோடு இருக்கும் தாத்தாவின் அக்கா பொன்னியம்மாளும் பார்த்துக்கொள்வதால்தான் அவள் இங்கே இருக்கிறாள்.

"இன்னொரு தபா இவனுக்கு வயித்தால போச்சுன்னா, நான் வேலைய விட்டுட்டு ஓசூருக்கே போயிடறேன் நைனா. உம்மேல குத்தம் சொல்லல. இந்த ஊட்டுல எதுவோ ஒத்துக்கல."

"ஓசூர்ல மட்டும் இன்னா, வயிறே இல்லாம பொறக்குறானுங்களா?" என்றார் ராமராஜன். சொன்னாரே ஒழிய அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை குடோனிலிருந்து டிரம் வந்து இறங்கியது.

டிரம்மோடு நிற்கவில்லை. பிள்ளைக்குத் தண்ணீர் காய்ச்சச் சொன்னால் எல்லோரும் ஒரு சொம்பு காய்ச்சுவார்கள். ராமராஜனுக்குச் சின்னதாக எதுவும் செய்ய வராது. பிரியாணி அண்டாவை இறக்கி, பந்தி அடுப்பை வைத்து, கொல்லையில் தீயை முடுக்கிவிட்டார். காய்ந்த தண்ணீரில் விஷால் குடித்தது அரை டம்ளர். மிச்சத்தைத் தெருவில் எல்லோருக்கும் ஊற்றினார். வேண்டாம் என்றவர்களையும் நிறுத்தி வைத்துக் குடிக்க வைத்தார். "தெருவே சுத்தமா இருந்தாத்தான்பா என் பேரன் சுத்தமா இருப்பான்" என்பது அவர் கணக்கு. ஆரஞ்சு ஐஸ் விற்கிறவர் அந்தத் தெருவுக்குள் திரும்புவதையே விட்டுவிட்டார். பஞ்சு மிட்டாய்க்காரர் முனையோடு மணியை நிறுத்திக்கொண்டு, சத்தமில்லாமல் கடந்து போனார்.

எதிர்வீட்டு ரேணுகாம்பாளோடுதான் பெரிய சண்டை. அந்த அம்மாள் வீட்டில் தறி ஓடுகிறது. விடிந்ததும் தறியில் ஏற்றப்போகும் பட்டு நூலை, அதாவது பாவை, தெரு நீளத்துக்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுத்துப் போவார்கள். விஷாலுக்கு அந்தப் பாவு என்றால் உயிர். அடியில் புகுந்து போவான். ஒருநாள் அண்ணாந்து ஒரு நக்கு நக்கிவிட்டான். போதாதா? குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று ராமராஜன் வாசலுக்கு வந்தார்.

"ரேணுகாம்மா, உன் கஞ்சில இன்னா கலக்குற? புள்ளைக்குப் பிச்சிகினு போவுது."

"அரிசிக் கஞ்சிப்பா. உன் பேரன் குடிக்கிறதவிட சுத்தமா வடிச்சு வச்சது. உன் ஊட்டு ஓட்டைக்கு என் பாவுல இழை தேடுறியா?"

"நாளைலேர்ந்து பாரு."

மறுநாள் பார்த்தார்கள். தன் வீட்டு மதில் நெடுகக் கம்பு நட்டு, ரோஸ் நிறத்தில் ஜாலர் வைத்த பக்கப் படுதாவைக் கட்டிவிட்டார். வரவேற்பு மேடைக்கு இரண்டு பக்கமும் கட்டுவது. டிரம்முக்கும் படுதாவுக்கும் நடுவே அந்த வீடு, மாப்பிள்ளை வராத கல்யாணம் மாதிரி நின்றது. படுதாவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரேணுகாம்பாளின் குரல் வந்தது: "மொய் எங்கப்பா வாங்குறீங்க?"

இத்தனைக்கும் பிறகு பதினோராம் நாள் வந்தது. விஷாலுக்கு மறுபடியும் பிய்த்துக்கொண்டு போயிற்று.

பெரிய காஞ்சிபுரத்தில் இருக்கிற குழந்தை டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரித் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டதே ராமராஜன்தான். ஆகவே அவர் அங்கே நோயாளி வீட்டுக்காரராகப் போவதில்லை, பந்தல்காரராகவே போவார். அன்று மத்தியானம் வேலை நடந்த இடத்திலிருந்து நேரே அங்கே வந்து சேர்ந்தார். சுகாசினி பிள்ளையோடு ஏற்கெனவே உள்ளே இருந்தாள். ராமராஜன் தோளிலிருந்த துண்டை எடுத்து, நாற்காலியை ஒரு அடி அடித்து, இரண்டு துடைப்புத் துடைத்து, மறுபடி தோளில் போட்டு, உட்கார்ந்து, பேரனை மடியில் வாங்கிக்கொண்டார். இது அவர் தொழில் கை. எந்த விசேஷத்திலும், எந்தப் பெரிய மனிதர் வந்தாலும், அவர் உட்காருமுன் ராமராஜனின் துண்டு அந்த நாற்காலியில் ஒரு தரம் விழுந்து எழும். வேலையாளை விட்டுத் துடைக்கச் சொல்ல மாட்டார். "நாற்காலி என்னுது, துண்டும் என்னுது" என்பார்.

"தண்ணி காய்ச்சிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அண்டால காய்ச்சறேன்."

"வெளில வாங்கித் தர்றது?"

"எங்க தெருவுல ஐஸ்காரன் வந்து எத்தினி நாளாச்சுன்னு கேளுங்க மேடம்."

"கை கழுவறது?"

ராமராஜன் சிரித்தார். சுகாசினி தலையைக் குனிந்துகொண்டாள். டிரம்மைப் பற்றி, அதன் நாலு குழாய்களைப் பற்றி, ஆளுங்கட்சிக்காரரானாலும் எதிர்க்கட்சிக்காரரானாலும் கழுவாமல் உள்ளே போக முடியாததைப் பற்றி அவர் சொல்லி முடிக்கும்வரை டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே விஷாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷால் துண்டின் முனையை வாய்க்குள் திணித்து, கரும்பு மாதிரிக் கடைவாயில் ஒதுக்கிச் சப்பிக்கொண்டிருந்தான்.

"காலைலேர்ந்து எங்கெல்லாம் போய்ட்டு வர்றீங்க தாத்தா?"

யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தவர் அவர்.

"விடியக்கால சாவு வூடு மேடம், பிள்ளையார்பாளையத்துல. சனம் தாங்கல. நாற்காலி எறக்கி, மழ பேஞ்சிருந்துதா, ஒவ்வொண்ணா நானே தொடச்சுப் போட்டேன். அங்கேர்ந்து காது குத்தற வூடு. கெடா வெட்டு. வெட்டின எடத்துலயே பந்தி வேணும்னுட்டான், மேசையெல்லாம் ஈ. ஒரே வீசு. அப்புறம் மார்க்கெட்டாண்ட மீன்காரரு கட திறப்பு..."

ஒவ்வொரு இடத்துக்கும் அவர் கை தானாகத் துண்டுக்குப் போய், காற்றில் ஒரு நாற்காலியைத் துடைத்துக் காட்டியது. விஷால் விடாமல் சப்பியபடி அந்தத் துண்டோடு கூடவே முன்னும் பின்னும் ஆடினான்.

"எல்லாத்தையும் எதால தொடச்சீங்க?"

"இதாலதான்" என்று ராமராஜன் துண்டைப் பெருமையாக இழுத்தார். முனை, விஷாலின் வாயிலிருந்து 'ப்ளக்' என்ற சத்தத்தோடு வெளியே வந்தது.

சுகாசினிதான் முதலில் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். கடைசியில் அது சிரிப்பா வேறா என்று தெரியவில்லை. "நைனா" என்றாள்.

"தெனம் தோச்சது மேடம். எங்க அக்கா நீலம் போட்டுத் தோய்க்குது. பாருங்க, கொக்கு மாதிரி இருக்குது."

"காலைல கொக்குதான் தாத்தா. இப்ப மத்தியானம் ஆயிட்டுது." டாக்டரம்மா மருந்து எழுதினார். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா இது புள்ள பக்கத்துலயே வரக் கூடாது. நீங்களும் உங்க டிரம்முல கை கழுவுங்க. அப்புறம் பாக்கலாம்."

சொல்வது சுலபம். துண்டுதானே, எடுத்து ஆணியில் மாட்ட வேண்டியதுதானே என்று நினைப்பவர்களுக்கு முசரவாக்கம் தெரியாது. ராமராஜனின் அப்பா அந்த ஊரில் கலியன் என்பவரின் நிலத்தில் கூலி. கலியன் எதிரே வந்தால் தோள் துண்டு அக்குளுக்குப் போகவேண்டும். கலியன் திண்ணிய மனிதர், நிதானமாக நடப்பார். அவர் கடந்து போகிறவரை துண்டு அக்குளில்தான். மூங்கில் சுமந்து, சொந்தமாக முதல் பந்தல் கட்டிய அன்று ராமராஜன் வெள்ளைத் துண்டு ஒன்று வாங்கித் தோளில் போட்டார். போட்டது போட்டதுதான். கலெக்டர் எதிரில் இறங்கவில்லை, கட்சித் தலைவர்கள் எதிரில் இறங்கவில்லை. கல்யாணப் போட்டோவில் மாலைக்கு மேலே துண்டு. கோயிலில் ஆண்களெல்லாம் இடுப்பில் கட்டிக்கொண்டு சன்னதிக்குள் போவார்கள்; இவர் கொடிமரத்தோடு நின்றுவிடுவார். "சாமிக்குக் கிட்டப் பார்வைதான்னு யார் சொன்னது? இங்கேர்ந்தே தெரியும்." எக்ஸ்ரே எடுக்கிற பையனோடு இந்த விஷயத்தில் நடந்த தகராறு இன்னும் அந்த ஆஸ்பத்திரியில் பேச்சாக இருக்கிறது.

இதைச் சுகாசினியும் அறிவாள். அதனால்தான் "எடுத்துடு" என்று அவள் சொல்லவில்லை. "நீயே பாத்துக்கோ" என்றாள். அது அதைவிடக் கஷ்டம்.

ராமராஜன் இரண்டு நாள் துண்டும் கையுமாக யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு வழி கண்டுபிடித்தார். வெளிக்கு வெள்ளை, வீட்டுக்குப் பச்சைக்கரை. வாசலில் வெள்ளையைக் கழற்றி வைத்து, கையைக் கழுவி, பச்சைக்கரையைப் போட்டுக்கொண்டு உள்ளே போவது. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். பந்தல் மேஸ்திரி தணிகாசலத்திடமும் சொல்லி மெச்ச வைத்தார். ஆனால் கை இருக்கிறதே, அது மூளையைக் கேட்டு வேலை செய்கிற உறுப்பு இல்லை. பச்சைக்கரையோடு வாசலில் நின்று, தணிகாசலம் கொண்டுவந்து இறக்கிய நாற்காலிகளை ஒன்று விடாமல் அடித்துத் துடைத்தார். துடைத்துவிட்டு உள்ளே போய்ப் பேரனின் மூக்கையும் துடைத்தார்.

படுதாவின் ஜாலருக்கு மேலே ரேணுகாம்பாளின் தலை தெரிந்தது. "ராமராஜா, கரைய மாத்திட்டா கறை போயிடுமாப்பா?"

"நீ உன் தறியப் பாரு."

"என் தறி ஒழுங்காத்தான் ஓடுது. ஓசூருக்கு எதுவும் போவல."

அது உள்ளே இறங்கியது.

அந்த வாரமே விஷாலுக்கு மறுபடியும் போயிற்று. முன்னைப் போல மோசமில்லை, ஒரே நாளில் நின்றுவிட்டது. ஆனால் சுகாசினி முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை தினகரன் வருகிறான், கூட்டிக்கொண்டு போய்விடுவான். பொன்னியம்மாள் பிள்ளையின் துணிகளை மடித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். ராமராஜன் தண்ணீர் காய்ச்சுகிற அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். தெருவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை வெள்ளைக் கார் ஒன்று வந்து படுதாவை உரசிக்கொண்டு நின்றது. இறங்கியவர் இளவரசன். முசரவாக்கம் கலியனின் மகன். கட்சியில் பொறுப்பு, கையில் இரண்டு போன், பின்னால் நாலு பேர். ஊர்க் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைத்திருக்கிறார்கள். கலியன் வீட்டிலிருந்து ஒருவர் ராமராஜனின் வாசலுக்குப் பந்தல் கேட்டு வருவது இதுவே முதல் தடவை.

ராமராஜன் வாசலுக்கு வந்தார். தோளில் கொக்கு வெள்ளைத் துண்டு. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்குகிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டார். இந்தக் காலைக்காகவே இத்தனை வருஷம் அது வெளுக்கப்பட்டதோ என்று தோன்றுகிற மாதிரி நின்றார்.

"வாங்க தம்பி."

"அண்ணே, ஊருக்கே உங்க பந்தல்தான் வேணுமாம். நான் சொல்லல, ஊர் சொல்லுது. நீங்க முடியாதுன்னு சொல்லிடக் கூடாது."

"சொல்ல மாட்டேன். எம்மாம் தூரத்துக்குன்னு சொல்லுங்க. யாகசாலைக்குத் தனியா, பந்திக்குத் தனியா..."

வீட்டு வாசற்படியில் சுகாசினி போனில் தினகரனோடு பேசிக்கொண்டிருந்தாள். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் காலுக்கு இடையில் புகுந்து விஷால் வெளியே வந்தான். ஜட்டி மட்டும்தான். பேதிக்குப் பிறகு முகம் சின்னதாகியிருந்தது. நேரே தாத்தாவிடம் ஓடி, இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றான்.

"தாத்தா. தூக்கு."

பார்வை முகத்தில் இல்லை. துண்டில் இருந்தது. வாய் அதற்குள்ளாகவே சப்ப ஆரம்பித்துவிட்டது.

ராமராஜன் பேரனைப் பார்த்தார். இளவரசனைப் பார்த்தார். ஜாலருக்கு மேலே ரேணுகாம்பாள் இருந்தாள். தெருவில் பாவு சுருட்டுகிறவர்கள் கையை நிறுத்தியிருந்தார்கள். அவர் கை துண்டுக்குப் போயிற்று. நாற்காலி எதுவும் பக்கத்தில் இல்லை.

துண்டு தோளிலிருந்து இறங்கியது.

இளவரசன் பதறிவிட்டார். முசரவாக்கத்தில் எது எதற்கு இறங்கும் என்று அவருக்கும் தெரியும். "அண்ணே, அண்ணே, இன்னாண்ணே இது, அதெல்லாம் அந்தக் காலம். எனக்குப் போயி..." என்று கையைப் பிடிக்க வந்தார்.

"உனக்கு இல்ல தம்பி" என்றார் ராமராஜன். "இத ரவ புடி."

இளவரசன் பிடித்துக்கொண்டார். பிடித்த பிறகு அதை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மடிக்கவும் முடியாது, தோளில் போட்டுக்கொள்ளவும் முடியாது. மேடையில் போர்த்தக் கொண்டுவந்த பொன்னாடையை ஏந்துவது போல இரண்டு முன்கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். பின்னால் இருந்த நாலு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"நான் அப்புறம் பேசறேன்" என்று வாசற்படியில் சுகாசினி போனை அணைத்தாள்.

ராமராஜன் பேரனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார். விஷால் அங்கே கையால் துழாவினான். அந்தப் பக்கம் தேடினான், இந்தப் பக்கம் தேடினான். பிடித்துக்கொள்ள எதுவும் அகப்படவில்லை. கடைசியில் தாத்தாவின் காதைப் பிடித்துக்கொண்டான்.

"யாகசாலைக்கு ஒயரம் நெறைய வேணும் தம்பி. பொக போவணும் பாரு" என்று சொல்லிக்கொண்டே ராமராஜன் கழுத்தைச் சாய்த்து, காதை அவன் கைக்கு இன்னும் கொஞ்சம் எட்டும்படி கொடுத்தார்.